ஓனருக்கு நான் சொன்ன யோசனை

திருப்பதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர் ஓர் இரவுகூட நிம்மதியாகத் தூங்கக்கூடாது என்று நான் மனமார ஆசைப்பட்டேன். அதற்காக விரதம் இருக்கவில்லை, மலைக்கு நடந்துபோய் வேண்டிக்கொள்ளவும் இல்லை. சாமியை இதில் இழுத்தால் மன்னித்துவிடு என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அதனால் நானே பார்த்துக்கொண்டேன். பாதிக்கு மேல் நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

நான் நகரிக்காரி. என் அண்ணனுடைய விசைத்தறி ஷெட்டில்தான் என் கணவரும் தறி ஓட்டினார். தொண்ணூறுகளின் நடுவில் நூல் விலை ஒரு வாரம் இருந்தபடி மறுவாரம் இல்லை. வடக்கிலிருந்து லாரி லாரியாக வழுவழுப்பான புடவைகள் வந்து இறங்கின. எங்கள் தெருப் பெண்களே அவற்றைக் கட்டிக்கொண்டு தறி வேலைக்கு வந்தார்கள். வேலை குறைந்தது. அதே சமயம் திருப்பதியில் லாட்ஜுக்குப் பக்கத்தில் லாட்ஜாக எழும்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்றில் என் கணவருக்கு லிப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது, ராத்திரி டியூட்டி. "தறியில நாடா இப்பிடியும் அப்பிடியும் போய்க்கினு இருந்துச்சி. இது மேலயும் கீழயும் போய்க்கினு இருக்குது. அவ்ளோதான் வித்தியாசம்," என்பார். அவர் எதையும் அப்படி லேசாக எடுத்துக்கொள்கிற மனிதர். எனக்கு அந்தக் குணம் கிடையாது.

ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த காலனியில் எங்களுக்கு மாடிப் போர்ஷன் கிடைத்தது. கீழே ஓனரும் அவர் மனைவியும். ஓனர் ஏதோ அரசாங்க ஆபீசில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழில் பேசுவார், நடுவில் தெலுங்கைத் தூவிக்கொள்வார். அவர்களுடைய ஒரே மகன் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்கா போகக் காத்திருந்தான். குடிவந்த அன்றே ஓனர் என்னை நிற்கவைத்துச் சொன்னார்.

"பாரும்மா, தண்ணி எவ்ளோ வேணா பிடிச்சுக்கோ. வாடகை நாலு நாள் லேட்டானாலும் பரவால்ல. எனக்கு நித்ர மட்டும் கெடக் கூடாது. ஒன்பதுக்குப் படுத்தா அஞ்சுக்குத்தான் எழுவேன். சர்வீஸ்ல இருந்தப்பகூட அப்படித்தான்."

மற்றவர்கள் நகையைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். இவர் தூக்கத்தைக் காட்டிப் பெருமைப்பட்டார். எனக்கு அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

தூக்கம் கெட்டது எனக்குத்தான். நகரியில் தறி ராத்திரியும் ஓடும். பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவதே ஷெட்டின் தூணில்தான். அத்தனை தறியும் தடதடவென்று அடிக்கும்போது பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றதென்றால் தெருவே எழுந்துகொள்ளும். பிள்ளைகள் வீறிடும், பெரியவர்கள் "இன்னா ஆச்சி" என்று வாசலுக்கு வருவார்கள். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுவந்து இந்தக் காலனியில் போட்டால்? இங்கே இருட்டியதும் ஊர் அடங்கிவிடும். நான் படுப்பேன், கண் சொக்கும், உடனே திடுக்கிட்டு எழுந்து கரண்ட் போய்விட்டது என்று சுவிட்சைத் தேடுவேன். விளக்கு நன்றாகவே எரியும். இதை மற்ற ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை.

கணவர் டியூட்டிக்குப் போனபின் இரவெல்லாம் நான் மட்டும். அண்ணனுக்கு அது மனதை உறுத்தியிருக்கிறது. ஒரு முறை ஊருக்குப் போனபோது, ஷெட்டில் கடைசித் தறிக்கு அடியில், கழிவு நூல் குவியலில் பிறந்த குட்டிகளில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். நாட்டு நாய்க் குட்டிதான். பழுப்பு நிறம், முன்னங்கால் இரண்டும் வெள்ளை.

"ராத்திரில தனியா கீற. இத எத்துக்கினு போ பாப்பா. ஒண்ணும் தொந்தரவு பண்ணாது. பொறந்ததுல இருந்து இது அழுது நாங்க பாத்ததே இல்ல," என்றார்.

ஷெட்டில் அது அழுதிருந்தாலும் யார் காதில் விழுந்திருக்கும்? அதை நான் அப்போது யோசிக்கவில்லை. பஸ்ஸில் மடியில் சுருண்டு தூங்கிக்கொண்டே வந்தது. இன்ஜின் சத்தம் இருந்ததல்லவா, தூங்காமல் என்ன செய்யும்! அதையும் நான் யோசிக்கவில்லை.

முதல் இரவு, விளக்கை அணைத்ததும் ஆரம்பித்தது. ஓர் உள்ளங்கை அளவு உயிரிடமிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தூக்கினால் நிறுத்தியது, கீழே விட்டால் முன்னைவிடப் பலமாக அழுதது. கீழேயிருந்து ஓனர் கம்பால் கூரையில் இடித்தார். என் பாதத்துக்கு நேர் அடியில் இடி விழுந்தது.

அதன்பின் நான் செய்யாத தப்பு இல்லை. அழும்போதெல்லாம் தூக்கினேன், அழுதால் தூக்குவாள் என்று அது கற்றுக்கொண்டது. பசியாக இருக்கும் என்று நடுராத்திரியில் பால் வைத்தேன்; குடித்துவிட்டுத் தூங்கியது, பிறகு மூத்திரம் முட்டி எழுந்து மறுபடி அழுதது. சமையலறையில் பயப்படுகிறதோ என்று பால்கனிக்கு மாற்றினேன், பால்கனி குளிர் என்று கட்டிலடிக்கு மாற்றினேன்; எந்த இடமும் அதற்குப் பழகவில்லை. ராத்திரி தூங்கவில்லையே, பாவம் என்று பகலில் எழுப்பாமல் விட்டேன். பகலெல்லாம் தூங்கி, ராத்திரி புதுத்தெம்போடு உட்கார்ந்துகொண்டது. ஓனர் காலையில் படியேறி வருவார், கண் சிவந்திருக்கும்.

"ஏம்மா, குக்கயா அது, சைரனா? நீ ஊர்ல மில்லுக்காரி, உனக்கு எதுவும் கேக்காது. நான் மனுஷன்மா."

குக்க என்றால் நாய். மில்லுக்காரி என்பது நான். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன். அந்தக் குனிவு இன்னும் என் கழுத்தில் வலிக்கிறது.

எனக்குப் புத்தி வந்தது ஒரு போர்வெல் லாரியால். எதிர் மனையில் புது வீட்டுக்குக் கிணறு போடுகிறார்கள் என்று லாரி வந்து நின்றது. பாறை அகப்பட்டுவிட்டதால் இரவும் நிறுத்தவில்லை. காலனி முழுக்கச் சபித்தது. ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். நான் படுத்ததுதான் தெரியும். எழுந்தபோது வெயில் சமையலறைக்குள் வந்திருந்தது. குட்டி என் காலடியில் நான்கு காலையும் விரித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள், இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. அதைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

லாரி போனபின் என்ன செய்வது? அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் பக்திப் பாட்டு கேசட் ஒன்றை எடுத்து, அதன்மேல் இரண்டு பக்கமும் தறிச்சத்தத்தைப் பதிவு செய்து, திருப்பதிக்குச் சரக்கு கொண்டுவந்த ஆளிடம் கொடுத்தனுப்பினார். டேப் ரிக்கார்டரைத் துணியால் மூடி, கட்டிலடியில் ஒரே மூலையில் குட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரவு பால் கிடையாது, சாயங்காலத்தோடு சரி. பகலில் தூங்கவிடாமல் மொட்டைமாடியில் ஓடவிட்டேன். அழுதால் தூக்காமல், பக்கத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டேன். தறி ஓடியது, குட்டி தூங்கியது, நானும் தூங்கினேன். ஒவ்வொரு இரவும் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கடைசியில் கேசட்டே தேவைப்படவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. அந்தக் குட்டிதான் என்னைத் திருப்பதியில் தூங்கப் பழக்கியது.

கம்பு இடி நின்றுவிட்டது. ஓனர் ஒன்பதுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தார். வீடு அமைதியாகிவிட்டது, இனி ஒரு பிரச்சினையும் இல்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் அண்ணன் மகளுக்குக் காது குத்து வந்தது. குட்டியை மாடிப்படியின் மேல் தட்டில் கட்டிவிட்டு, கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நகரிக்குப் போனேன். அவர் டியூட்டி முடிந்து வந்து பகலில் அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறவர். நான் திரும்பி வந்தபோது படியில் கயிறு மட்டும் இருந்தது. அறுந்த கயிறில்லை. முடிச்சு ஒழுங்காக அவிழ்க்கப்பட்டிருந்தது.

கீழே ஓனரின் மனைவி வாசலில் வடகம் உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"பையனுக்குச் சம்பந்தம் பேச வந்தாங்கம்மா, பெண் வீட்டுக்காரங்க. படியில தெருநாய் கட்டி வெச்சா நம்ம வீட்டப் பத்தி என்ன நெனப்பாங்கன்னு சொல்லி, அவரு ஆட்டோல ஏத்தி அனுப்பிச்சிட்டாரு," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "சந்திரகிரிலதான்மா. கோட்டை பார்க்க ஜனங்க வருவாங்க, ஏதாவது போடுவாங்க. நல்லா இருக்கும்."

அழுத நாட்களில் அனுப்பியிருந்தால்கூட நான் மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவருக்குத் தூக்கம் போயிற்று, கோபத்தில் செய்தார் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அது அடங்கிய பிறகு, ஒரு சத்தமும் இல்லாமல் படியில் படுத்திருந்த உயிரை, யாரோ வந்து காபி குடித்துவிட்டுப் போகிற அரைநாள் கௌரவத்துக்காகத் தூக்கி எறிந்திருக்கிறார். அந்தச் சம்பந்தமும் கூடிவரவில்லை. கேள்விப்பட்டபோது வயிறு குளிர்ந்தது. ஆனால் அது போதவில்லை.

கணவரின் ஓய்வு நாட்களில் எல்லாம் சந்திரகிரிக்குப் போனோம். கோட்டை வாசலில் டீக்கடை, வெள்ளரிக்காய் விற்கிறவள், வேன் டிரைவர்கள் எல்லாரையும் கேட்டேன். முன்னங்கால் வெள்ளை, பழுப்பு நிறம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்தது. குளத்துப் பக்கம், அரண்மனைக்குப் பின்னால் பாறைச் சரிவு, ஒன்றையும் விடவில்லை. கூப்பிட்டால் எல்லா நாயும் வந்தன, அது வரவில்லை.

"வுடுமே. யாரனா எத்துக்கினு போயி வளப்பாங்க," என்றார் கணவர், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது.

"நான் அத பத்திச் சொல்லல. அந்த ஆளு நேத்து கூட கொறட்ட வுட்டுக்கினு தூங்குனான். அது உனுக்குக் கேட்டுச்சா?"

"நான்தான் வூட்லயே இல்லயே. லிப்ட்ல கீறேன்."

எனக்குக் கேட்டது. மாடியில் ஒவ்வோர் இரவும் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வீட்டை மாற்றிக்கொண்டு போயிருக்கலாம். போனால் அவர் தூங்குவார், நான் வேறு இடத்தில் படுத்து இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அதனால் போகவில்லை. காலையில் எதிரில் பார்த்தால் "குட் மார்னிங் சார்" என்றேன். பண்டிகைக்கு வடை கொடுத்தனுப்பினார்கள், வாங்கிக்கொண்டேன். பற்களை இறுக்கிக்கொண்டு தின்றேன்.

அடுத்த வருடம் மகனுக்கு விசா வந்தது. அவன் புறப்படும் முன் பெங்களூரிலிருந்து ஒரு நாய்க்குட்டி வாங்கிவந்து அப்பா அம்மா கையில் கொடுத்தான். தான் இல்லாத குறை தெரியக்கூடாதாம். வெள்ளைவெளேரென்று, பஞ்சுபோல இருந்தது. கழுத்தில் சின்ன மணி.

"உங்களுக்கும் நாய் வந்துடுச்சி போல சார்," என்றேன் படியில் நின்று.

"இது குக்க இல்லம்மா. பொமேரியன்," என்றார்.

அதை அவர் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். படியின் கைப்பிடியை நான் பிடித்த பிடியில் என் வளையல் நசுங்கிவிட்டது.

மகன் விமானம் ஏறினான். அன்று இரவே பொமேரியன் தன் வேலையைத் தொடங்கியது. தாயை விட்டு, கொண்டுவந்தவனையும் விட்டு, புது வீட்டில் கிடக்கிற குட்டி வேறு என்ன செய்யும்? கீழிருந்து அந்த அழுகை கேட்டதும் நான் எழுந்து உட்கார்ந்தேன். பிறகு ஓனர் செருப்பை இழுத்துக்கொண்டு நடக்கிற சத்தம், குழாய்ச் சத்தம், "சும்மா இரு ரா" என்கிற கெஞ்சல். நான் தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.

நான்கைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் மாடிக்கு வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை நான். கண் உள்ளே போயிருந்தது.

"ஏம்மா, உன் குக்ககூட மொதல்ல ஒரே ரகள பண்ணுச்சி. அப்புறம் சத்தமே இல்லாம அடங்கிடுச்சே. ஏம் சேசாவு? என்ன பண்ண? கொஞ்சம் சொல்லும்மா."

உன் குக்க என்றார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. வெட்கம் இல்லை, தயக்கம் இல்லை. என் குட்டியை ஆட்டோவில் ஏற்றியது அவருக்கு ஞாபகத்தில் இருந்ததா என்றுகூடச் சந்தேகம். ஒரு நொடி அவர் முகத்தில் கதவை அறைந்துவிடலாமா என்று தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் என் கோபம் அந்த நொடியோடு செலவாகிப்போயிருக்கும். அதைவிட நல்ல வழி அவரே கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என்பது அடுத்த நொடியில் புரிந்தது.

"உக்காருங்க சார்," என்று நாற்காலியை எடுத்து வெளியே போட்டேன். "ரொம்ப சுலபம் சார். மொதல்ல, அழுத உடனே தூக்கிடணும். ஒரு நிமிசம் கூட லேட் பண்ணக் கூடாது."

"தூக்கறேம்மா. எறக்கினா மறுபடி அழுவுதே?"

"மறுபடி தூக்கணும் சார். நாம கீறோம்னு அதுக்கு நம்பிக்க வரணும் இல்ல? அப்புறம் நடுராத்திரில வெதுவெதுன்னு பால் குடுங்க. வயிறு நெறஞ்சா தூங்கும். ஒரே எடத்துல படுக்க வெக்காதீங்க. இன்னிக்கி ஹாலு, நாளைக்கி ரூமு. எங்க சொகமா கீதுன்னு அதுவே சொல்லும்."

"பகல்ல நல்லாத் தூங்குதும்மா."

"தூங்கட்டும் சார். பகல்ல எழுப்பவே எழுப்பாதீங்க, பாவம். பச்சக் கொழந்த இல்ல?"

நான் செய்து செய்து கெட்ட ஒவ்வொரு தப்பையும் வரிசை மாறாமல் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். குட்டியின் உடம்புக்குக் கெடுதல் செய்வது எதையும் சொல்லவில்லை. பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் வயிறு போகும். அதன்மேல் எனக்கு என்ன விரோதம்? அவர் இரண்டு கையையும் கூப்பி, "சால தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் படிப்பில் கெட்டி. சொன்னதை அப்படியே செய்தார். குட்டியும் கெட்டி, அப்படியே கற்றுக்கொண்டது. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வருவதற்குள் அவர் வேறு ஆளாகிவிட்டார். பேப்பர் படித்துக்கொண்டே தலை தொங்கும். ரேஷன் கடை வரிசையில் நின்றபடி தூங்கி முன்னால் இருந்தவர்மேல் சாய்ந்தார் என்று அவர் மனைவியே சொன்னார். பெருமாளைச் சேவிக்கப் போன இடத்தில் தூணில் சாய்ந்து குறட்டை விட, அர்ச்சகர் வந்து எழுப்பினாராம். ஒவ்வொன்றையும் நான் "அய்யோ பாவம்" என்று கேட்டுக்கொண்டேன். மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அனுபவித்தேன். அப்படி ஒரு சுகம் எனக்கு வாழ்க்கையில் அதிகம் கிடைத்ததில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. அவர் கெஞ்சுகிற சத்தம் கீழிருந்து வரும், நான் புரண்டு படுப்பேன், ஆனந்தமாகத் தூங்குவேன்.

கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒரு நாள் டியூட்டிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"போதும்மே. வயசான ஆளு. நேத்து கேட் பூட்ட மறந்துட்டு தொறந்து போட்டுட்டாரு. சொல்லிக் குட்த்துடு, பாவம்."

"என் குட்டி சந்திரகிரில எந்தக் கல்லு மேல படுத்துக்கினு கத்துச்சோ. அப்ப அதுக்குப் பாவம் பாத்தது யாரு?"

"உன்னோட பேசி செயிக்க முடியாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் ஜெயித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே ஆட்டோ நிற்கிறது. ஓனர் ஒரு அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போகிறார். பெட்டிக்கு மேலே வெள்ளையாக ஒரு தலை தெரிந்தது. மணி கிணுகிணுத்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஆட்டோவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"எங்க சார் அனுப்பறீங்க?"

"என்னால ஆவலம்மா," என்றார். "நீ சொன்னதெல்லாம் பண்ணேன். கொஞ்சமும் அடங்கல. டாக்டரு பிபி ஏறிடுச்சின்றாரு. நித்ர இல்லாம செத்துப் போவேன் போல கீது."

"உங்க பையன் குட்த்தது சார்."

"அவன் அங்க தூங்கறான். நான்தான இங்க முழிச்சிட்டு இருக்கறது? எங்கயாவது வுட்டுட்டு வரட்டும்."

அவர் மனைவி வாசற்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பெட்டிக்குள் இருந்தது என்னைப் பார்த்து வாலாட்டியது. எதற்கு வாலாட்டுகிறது? நான் ஒரு நாளும் அதைத் தொட்டதுகூட இல்லையே.

"சந்திரகிரிக்கா?" என்று கேட்டேன். "என்னோடத வுட்ட எடத்துலயேவா?"

அவருக்குப் புரியவில்லை. "சந்திரகிரியா? யாரு சொன்னது சந்திரகிரின்னு?"

"உங்க வூட்டம்மா சொன்னாங்க. கோட்ட கிட்ட வுட்டீங்கன்னு."

"நான் எந்த எடமும் சொல்லலயேம்மா. ஊருக்கு வெளிய எங்கயாவது வுட்டுடுன்னு ஆட்டோகாரன்கிட்ட சொன்னேன். எங்க வுட்டானோ. நான் கேக்கல."

வாசற்படியில் நின்ற அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அன்றைக்கு ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறார். அவ்வளவுதான். அந்தப் பாறைச் சரிவில் ஏறி இறங்கி, தொண்டை கட்டும்வரை நான் கூப்பிட்டதெல்லாம் அது ஒருபோதும் போயிராத ஊரில். புத்தூர் சாலையிலோ ரேணிகுண்டா சாலையிலோ, லாரிகள் போகிற ஏதோ ஓர் ஓரத்தில் அது உட்கார்ந்து நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும். இவர் அதைக் கேட்டுவைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அந்த ஆளைக் கொன்றுவிடலாம்போல இருந்தது. அவர் கையில் பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் பெட்டி இருந்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் ஒதுங்கி நின்றால் பெட்டி ஏறிவிடும். நான் வாங்கிக்கொண்டால் இந்த மனிதர் இன்றைக்கே தூங்குவார். அவர் தூங்கக்கூடாது என்றுதானே இத்தனை நாள் பாடுபட்டேன்? ஒதுங்கு, ஒதுங்கு என்று எனக்குள்ளே யாரோ சொன்னார்கள். ஒதுங்கினால் அந்தக் குட்டிக்கு நேரப்போவது என்னவென்று அந்தத் தெருவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

"இப்பிடி குடுங்க சார்," என்றேன்.

"தீசுகோம்மா, தீசுகோ. உனக்கு மகா புண்ணியம்," என்று பெட்டியை என் கையில் திணித்தார். எடுத்துக்கொள், எடுத்துக்கொள் என்று சொல்லும்போது அவர் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கொடுத்தவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

படியேறும்முன் திரும்பி ஒன்று சொன்னேன். "நான் உங்களுக்குச் சொன்ன யோசன அத்தனையும் தப்பு சார். தெரிஞ்சிதான் சொன்னேன்."

அவர் சிரித்தார். நான் ஏதோ அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "பரவால்லம்மா, நீ என்ன பண்ணுவ," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று ஒன்பதுக்குக் கீழே விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை மேலே வந்தது, பழைய குறட்டை, ஒரு மாற்றமும் இல்லை. கணவர் டியூட்டியில் இருந்தார். குட்டி கட்டிலடியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தலையைத் தூக்கி அழத் தொடங்கியது. தறிச்சத்தம் போட்டுப் பார்த்தேன். அது தறியடியில் பிறந்ததில்லையே, பயந்து இன்னும் பலமாகக் கத்தியது. அடங்கப் பழக்க எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பல இரவுகள் அழவிட வேண்டும். கீழே அவர் விழித்தால் காலையில் ஆட்டோ வரும், இந்தக் குட்டியும் போகும், யாரிடம் கேட்டாலும் எங்கே என்று தெரியாது.

எவன் ஓர் இரவுகூடத் தூங்கக்கூடாது என்று ஆசைப்பட்டேனோ, அவன் தூக்கம் கலையாமல் நான் காவல் காக்க வேண்டியதாயிற்று. வாயில் வந்த வசவையெல்லாம் சத்தமில்லாமல் வைதேன். பாலை வெதுவெதுப்பாகக் காய்ச்சிக் கொடுத்தேன். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மணியைக் கையால் பொத்தி, கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஆளின் தலைக்கு நேர் மேலே, தரை அதிராமல் விடியும்வரை நடந்தேன்.